கட்டிலிலிருந்து கழிவறை வரை

வீடு கட்டும் இந்தியர் பார்க்காத விஷயம் இல்லை. அக்னி மூலையில் அடுப்பு வருகிறதா என்று பார்க்கிறார். சிமெண்ட் எந்தக் கம்பெனி, கம்பி எத்தனை மில்லிமீட்டர், கார் நிற்க இடம் இருக்கிறதா, பக்கத்து வீட்டைவிட அரை அடியாவது உயரமாக வாசல் அமைகிறதா என்று எல்லாவற்றையும் பார்க்கிறார். எழுபத்தைந்து வயதில், இரவு மூன்று மணிக்கு, கண்ணாடி போடாமல், ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டு இந்த வீட்டில் பாத்ரூமுக்கு எப்படிப் போவது என்பதை மட்டும் பார்ப்பதில்லை.

இதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலானவர்கள் வீடு கட்டுவது முப்பத்தைந்திலிருந்து ஐம்பதுக்குள். வங்கிக் கடன் கிடைக்கும் வயது அதுதான். முழங்கால்கள் அப்போது எந்தப் புகாரும் சொல்வதில்லை. தரை பளபளவென்று இருக்க வேண்டும், படிகள் ஸ்டைலாக வளைந்து ஏற வேண்டும் என்றுதான் ஆசை இருக்கும். கடன் அடைந்து பத்திரம் கைக்கு வரும் நாளில் உரிமையாளருக்கு அறுபது. அதன் பிறகுதான் அந்தப் பளபளப்பும் வளைவும் தங்கள் வேலையைக் காட்டத் தொடங்குகின்றன.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அறுபது வயதைத் தாண்டிய இந்தியர்கள் சுமார் 10.4 கோடி. 2050ல் இது 34.7 கோடியாகும், அதாவது ஐந்து பேரில் ஒருவர் முதியவராக இருப்பார் என்று 2023ல் ஐ.நா. மக்கள்தொகை நிதியமும் மும்பையிலுள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் கழகமும் வெளியிட்ட அறிக்கை கணித்தது. முதியோர் இல்லங்களைப் பற்றி நிறையப் பேசப்படுகிறது. கோவையைச் சுற்றியும் புனே, பெங்களூர் புறநகர்களிலும் ஓய்வுபெற்றவர்களுக்கென்றே கட்டப்படும் குடியிருப்புகளின் விளம்பரங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளை நிரப்புகின்றன. ஆனால் அங்கெல்லாம் போகிறவர்கள் ஒரு கைப்பிடி. மற்ற அத்தனை பேரும் சொந்த வீட்டிலோ மகன், மகள் வீட்டிலோ வாடகை வீட்டிலோதான் முதுமையைக் கழிக்கப்போகிறார்கள். அவர்கள் விரும்புவதும் அதையே.

ஆங்கிலத்தில் இதற்கு 'ஏஜிங் இன் பிளேஸ்' என்று பெயர். 'இருந்த இடத்திலேயே முதிர்வது' என்று அதைத் தமிழாக்கினால் ஊறுகாய் ஜாடியைப் பற்றிச் சொல்வது போலிருக்கிறது. இதற்கென்று ஒரு சொல் தமிழில் தேவைப்பட்டதே இல்லை. காசிக்குப் போனவர்கள் நீங்கலாக நம் முதியவர்கள் வேறெங்கும் போனதில்லை. போதாக்குறைக்கு, வீடு என்ற சொல்லுக்கே தமிழில் முக்தி என்றும் ஒரு பொருள் இருக்கிறது. வழுக்கும் தரையுள்ள வீடுகள் அந்த இரண்டாவது பொருளுக்கு ஆளை அழைத்துச் செல்ல நாள் குறித்துக் காத்திருக்கின்றன.

இது வெறும் வேடிக்கைப் பேச்சல்ல. தற்செயலான காயங்களால் நேரும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் கீழே விழுவதற்குத்தான். ஆண்டுக்கு உலகெங்கும் 6,84,000 பேர் இப்படி இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. உயிரிழப்பில் முடியும் விழுகைகள் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களிடம்தான் அதிகம். உயிர் போகாவிட்டாலும் இடுப்பெலும்பு முறிந்தால் கதை மாறிவிடுகிறது. அறுவை சிகிச்சை, வாரக்கணக்கில் படுக்கை, படுக்கைப்புண், நுரையீரலில் சளி என்று ஒவ்வொன்றாக வரும். நேற்று வரை தனியாகக் காய்கறி வாங்கப் போன அம்மா இன்று தண்ணீர் குடிக்க இன்னொருவர் கையை எதிர்பார்க்கிறார். எலும்பு கூடிய பிறகும் பலரை விட்டு அகலாத ஒன்று பயம். மறுபடி விழுந்துவிடுவோமோ என்று நடப்பதைக் குறைக்கிறார்கள். நடை குறைந்தால் தொடைத் தசை இளைக்கிறது. தசை இளைத்தால் மறுபடி விழுகிறார்கள்.

வீட்டிலேயே ஆபத்தான பயணம் கட்டிலுக்கும் கழிவறைக்கும் இடையிலுள்ள பத்துப் பன்னிரண்டு அடிதான். வயது ஏற ஏற இரவில் சிறுநீர் கழிக்க எழும் தடவைகள் கூடுகின்றன. ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை, தூக்கத்துக்கு ஒரு மாத்திரை, புராஸ்டேட்டுக்கு ஒரு மாத்திரை சாப்பிடுகிறவர் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, கால்களை ஆட்டிவிட்டு எழுந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். உட்கார்ந்தால் பாதம் முழுதும் தரையில் படியும் உயரத்தில் கட்டில் இருக்க வேண்டும். அடியில் இழுப்பறை வைத்த இன்றைய கட்டில்கள், அவற்றின்மேல் ஓரடி கனத்தில் மெத்தை - இதில் குள்ளமான பாட்டி ஏறுவதும் இறங்குவதும் மலையேற்றம்தான். தரையில் பாய் விரித்துப் படுத்தே பழகியவர்களுக்கு நேர்எதிர்ச் சிக்கல். படுப்பது சுலபம், எழுவதுதான் பாடு.

பிறகு வெளிச்சம். எழுபது வயதுக் கண்ணுக்கு இருபது வயதுக் கண்ணைவிடப் பல மடங்கு வெளிச்சம் தேவை. ஆனால் பெரும்பாலான வீடுகளில் படுக்கையறை சுவிட்ச் கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதாவது, விளக்கைப் போட இருட்டில் அறையைக் கடக்க வேண்டும். கட்டிலருகே ஒரு டூ வே சுவிட்ச் வைக்க எலெக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை. அதுவும் வேண்டாமென்றால் வழியெங்கும் பிளக்கில் செருகும் சின்ன விடிவிளக்குகள் போதும். ஆள் நடமாட்டத்தை உணர்ந்து தானே எரியும் விளக்குகளும் இப்போது சுலபமாகக் கிடைக்கின்றன. மின்வெட்டு உள்ள ஊர்களில் பாத்ரூம் விளக்கையும் இன்வெர்ட்டர் இணைப்பில் சேர்ப்பது அவசியம். டிவிக்கு இணைப்பு கொடுத்துவிட்டு பாத்ரூமை விட்டுவிடும் வீடுகள் ஏராளம்.

இனி பாத்ரூம். இந்தியக் குளியலறை, பக்கெட்டும் மக்கும் சோப்பு நுரையும் சேர்ந்து எந்நேரமும் ஈரமாக இருக்கும் ஒரு பெட்டி. குளிக்குமிடமும் கழிவறையும் ஒரே தரையில் இருப்பதால் ஒருவர் குளித்துவிட்டு வந்தால் அடுத்த அரை மணி நேரம் முழுத் தரையும் நனைந்து கிடக்கும். அந்தக் காலத்துச் சொரசொரப்பான சிமெண்ட் தரையிலும் கோட்டா கல்லிலும் கால் கொஞ்சமாவது பிடித்தது. கண்ணாடி போல மினுங்கும் டைல்ஸில் அது இல்லை. டைல்ஸை மாற்ற வசதியில்லாதவர்கள் தண்ணீர் வடியும் கெட்டி ரப்பர் விரிப்பைப் போடலாம். துணியில் தைத்த மிதியடியை வாசலில் போடுவது மட்டும் கூடாது. அதுவே காலை வாரிவிடும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வழக்கமுள்ள வீடுகளில் குளித்து முடித்ததும் தரையை சோப்புத் தூள் போட்டுக் கழுவுவது ஒரு கட்டாய வேலையாக இருக்க வேண்டும். எண்ணெய்ப் படலம் கண்ணுக்குத் தெரியாது.

வாசலிலேயே இன்னொரு எதிரி நிற்கிறது. தண்ணீர் அறைக்குள் வராமலிருக்க இரண்டு மூன்று அங்குல உயரத்தில் வைக்கும் கிரானைட் தடுப்பு அது. பெரும்பாலும் தரையின் நிறத்திலேயே இருக்கும். முதுமையில் பாதத்தை உயரத் தூக்காமல் தேய்த்து நடப்பதே வழக்கமாகிவிடுகிறது. தடுப்பை எடுத்துவிட்டு உள்தரைக்குச் சரிவு கொடுப்பது நல்லது. முடியாவிட்டால் அதன்மேல் பளிச்சென்று மஞ்சள் டேப்பாவது ஒட்ட வேண்டும். வெள்ளைச் சுவர், வெள்ளைத் தரை, வெள்ளைக் கமோடு என்று ஒரே நிறத்தில் இழைத்த பாத்ரூம் பத்திரிகைப் படத்தில் அழகாக இருக்கும். கண்புரை உள்ளவருக்கு அதில் கமோடு எங்கே ஆரம்பிக்கிறது என்பதே தெரியாது.

கைப்பிடி விஷயத்தில் நடக்கும் தவறுதான் மிக மோசமானது. பல வீடுகளில் கைப்பிடி இல்லை. டவல் ராடு இருக்கிறது. தடுமாறும்போது கை அதைத்தான் பிடிக்கிறது. ஈரத் துண்டைத் தாங்குவதற்காக இரண்டு சின்னத் திருகாணிகளில் நிற்கும் ராடு, 65 கிலோ மனிதரோடு சேர்ந்து கீழே வருகிறது. கைப்பிடி என்பது சுமார் 4 சென்டிமீட்டர் பருமனில், கைக்குள் அடங்குவதாக, சுவரிலிருந்து 5 சென்டிமீட்டர் இடைவெளியோடு இருக்க வேண்டும். இடைவெளி அதற்கு மேல் அகலமானால் விழும்போது முழங்கை சிக்கிக்கொள்ளும். செங்கல் சுவரென்றால் டைல்ஸைத் தாண்டி ஆழத் துளைத்து ஆங்கர் போல்ட் போட்டு முடுக்க வேண்டும். புதுக் கட்டிடங்களின் லேசான பிளாக் சுவர்களில் அதற்கென்றே உள்ள ஆங்கர் தேவை. கடைக்காரரிடம் சுவர் எதனால் ஆனது என்று சொல்லி வாங்க வேண்டும். ரப்பர் உறிஞ்சியால் ஒட்டிக்கொள்ளும் கைப்பிடிகள் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கின்றன. முழு எடையையும் அவற்றிடம் ஒப்படைக்கக் கூடாது. எப்போது கழன்றுகொள்ளும் என்று அவை முன்கூட்டிச் சொல்வதில்லை.

மூன்றாவது, கதவு. நம் பாத்ரூம் கதவுகள் பெரும்பாலும் உள்நோக்கித் திறக்கின்றன. உள்ளே விழுந்தவர் கதவை ஒட்டியே கிடப்பார். வெளியிலிருந்து தள்ளினால் அவர் மேலேயே இடிக்கும். இதற்குள் உள்தாழ்ப்பாள் வேறு போட்டிருந்தால் கதவை உடைக்கும் வரை அவர் ஈரத் தரையில் கிடக்க வேண்டியதுதான். நீண்ட நேரம் எழ முடியாமல் கிடப்பதே தனி ஆபத்து. உடல் சில்லிடும், நீர் வற்றும், அழுந்திய தசைகள் சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும். கதவை வெளிநோக்கித் திறக்கும்படி கீல்களை மாற்றித் தர ஒரு தச்சர் போதும். வெளியிலிருந்து நாணயத்தாலோ ஸ்குரூ டிரைவராலோ திருகித் திறக்கக்கூடிய பூட்டுகளும் இருக்கின்றன. இரண்டும் முடியாதென்றால், வீட்டில் ஒரு சம்பிரதாயம் ஏற்படுத்திக்கொள்ளலாம். தாத்தா உள்ளே போனால் தாழ்ப்பாள் போடுவதில்லை. கதவில் துண்டு தொங்கினால் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம்.

குந்தி உட்காரும் கழிவறையா, கமோடா என்ற விவாதம் ஒவ்வொரு குடும்பத்திலும் நடக்கிறது. குந்துவதே ஆரோக்கியம் என்பார் அப்பா. அறுபது வருடப் பழக்கம். அவர் சொல்வதில் நியாயம் இருந்தாலும் முழங்கால் மூட்டு தேய்ந்த பிறகு குந்தி எழுவதற்கு எதையாவது பிடித்தாக வேண்டும். பல வீடுகளில் அவர்கள் பிடிப்பது தண்ணீர்க் குழாயை. கமோடு பொருத்தினால் அதன் இருக்கை தரையிலிருந்து சுமார் 45 சென்டிமீட்டருக்கு மேல் இருப்பது நல்லது. அதற்குத் தாழ்ந்தால் எழுவது கஷ்டம். கமோடு வைக்க இடமோ பணமோ இல்லையென்றால் பழைய கழிவறையின்மேல் வைத்துக்கொள்ளும் நடுவில் துளையுள்ள நாற்காலி, மருத்துவ உபகரணக் கடைகளில் கிடைக்கிறது.

இந்த விஷயத்தில் ஜப்பானைப் பார்ப்பது பொருத்தம். அங்கும் குந்தும் கழிவறைதான் பரம்பரை வழக்கம். 2000 ஏப்ரலில் தொடங்கிய நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டில், வீட்டை மாற்றியமைக்க இரண்டு லட்சம் யென் வரை செலவுக்குக் கணக்கு உண்டு. அதில் பயனாளி தருவது வருமானத்தைப் பொறுத்து பத்திலிருந்து முப்பது சதவீதம் மட்டுமே. கைப்பிடி பொருத்துவது, தரை மட்ட வித்தியாசத்தை நீக்குவது, வழுக்காத தரை போடுவது, தள்ளுகதவு வைப்பது, குந்தும் கழிவறையை உட்காரும் கழிவறையாக மாற்றுவது என்று எதற்கெல்லாம் பணம் என்பதே பட்டியலில் இருக்கிறது. சிங்கப்பூரில் அரசு வீட்டுவசதிக் கழகம் 2012லிருந்து முதியோர் வீடுகளுக்குக் கைப்பிடிகளும் வழுக்காத தரையும் சரிவுப் பாதையும் அமைத்துத் தருகிறது. குடிமக்களுக்குச் செலவில் 95 சதவீதம் வரை மானியம்.

இதெல்லாம் பணக்கார நாடுகளின் தாராளம் என்று நினைக்க வேண்டியதில்லை. நியூசிலாந்தின் தாரனாக்கி பகுதியில் 842 வீடுகளை எடுத்துக்கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. பாதி வீடுகளில் படிகளுக்குக் கைப்பிடி, பாத்ரூமில் பிடிகள், வெளிவாசல் விளக்கு, படி விளிம்புகளில் வழுக்காத பட்டை என்று எளிய மாற்றங்கள் செய்தார்கள். மற்றவர்களை மூன்று வருடம் காத்திருக்கச் சொன்னார்கள். மாற்றிய வீடுகளில் விழுந்து காயம்படுவது 26 சதவீதம் குறைந்தது என்று 2015ல் 'லான்செட்' இதழில் முடிவு வெளியானது. அந்த வீடுகளில் எந்த நவீனக் கருவியும் இல்லை.

இந்தியாவில் கணக்கு தலைகீழாக இருக்கிறது. 2024 அக்டோபரில் எழுபது வயதைத் தாண்டிய எல்லோருக்கும், ஏழை பணக்காரர் வித்தியாசமின்றி, ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சை என்று மத்திய அரசு அறிவித்தது. வரவேற்க வேண்டிய திட்டம்தான். ஆனால் இடுப்பு முறிந்த பின் ஆபரேஷனுக்குப் பணம் கிடைக்கும். அது முறியாமலிருக்க சுவரில் பொருத்தும், சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கும் எஃகுக் கைப்பிடிக்கு எந்தத் தலைப்பிலும் பணம் கிடையாது. பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 2007ல் வந்தது. உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் என்று அது பேசுகிறது. உறைவிடத்தின் தரை வழுக்குகிறதா என்பது தீர்ப்பாயத்தின் முன் வரும் கேள்வி அல்ல. ஓய்வுபெற்றோர் குடியிருப்புகளுக்கு 2019ல் மத்திய வீட்டுவசதி அமைச்சகம் மாதிரி விதிகளை வெளியிட்டது. ஆனால் முதியவர்களில் பெரும்பாலோர் வாழ்வது அந்த மாதிரிக் குடியிருப்புகளில் அல்ல.

கிராமத்துக்குப் போனால் இன்னும் தெளிவாகும். 2011 கணக்குப்படி நாட்டின் முதியவர்களில் 71 சதவீதம் பேர் கிராமங்களில் இருந்தார்கள். 2014க்கும் 2019க்கும் இடையே தூய்மை இந்தியா திட்டத்தில் கிராமப்புறங்களில் பத்துக் கோடிக்கும் மேல் கழிவறைகள் கட்டப்பட்டதாக அரசு சொல்கிறது. வீட்டுக்கு 12,000 ரூபாய் ஊக்கத்தொகை. இருட்டில் வயல்வெளிக்குப் போக வேண்டிய கொடுமையிலிருந்து வயதான பெண்களுக்குக் கிடைத்த விடுதலை சாதாரணமானதல்ல. ஆனால் அந்தக் கழிவறைகளில் பெரும்பாலானவை முற்றத்தின் கோடியில், இரண்டு படி ஏறிப் போகும்படி, ஒருவர் திரும்ப மட்டுமே இடமுள்ள அறைக்குள் அமைந்த குந்தும் கழிவறைகள். பத்துக் கோடி அறைகளைக் கட்டியபோது சுவரில் ஒரு இரும்புக் குழாயைப் பதித்திருந்தால் கொத்தனாருக்குக் கால் மணி நேரம் கூடியிருக்கும். அது யாருக்கும் தோன்றவில்லை. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள முதியவர்களுக்கு கைத்தடி, நாலுகால் ஊன்றுகோல், சக்கர நாற்காலி போன்றவற்றை இலவசமாகத் தரும் ராஷ்டிரிய வயோஸ்ரீ திட்டம் 2017ல் நெல்லூரில் தொடங்கியது. முகாமில் சக்கர நாற்காலி கிடைக்கிறது. அது வீட்டு வாசற்படி ஏறாது.

நகரங்களில் முதியோரைச் சிறைவைப்பது மாடிப்படி. டெல்லி வளர்ச்சிக் கழகத்தின் நான்கு அடுக்கு ஃபிளாட்டுகள் இதற்குச் சரியான உதாரணம். 1979ல் அறிவித்த பதிவுத் திட்டத்தில் பணம் கட்டிவிட்டு, வருடக்கணக்கில் காத்திருந்து, குலுக்கலில் மூன்றாவது மாடி விழுந்தபோது இனிப்பு வழங்கியவர்களில் மயூர் விஹாரிலும் முனிர்க்காவிலும் குடியேறிய தமிழ் அரசு ஊழியர்களும் உண்டு. அன்று முப்பது வயதானவருக்கு இன்று எழுபத்தைந்துக்கு மேல். லிஃப்ட் கிடையாது. பால் பாக்கெட் கயிறு கட்டிய கூடையில் மேலே வருகிறது. அவர்கள்தான் கீழே இறங்குவதில்லை. வெளிப்புறமாக லிஃப்ட் அமைக்கப் பின்னாளில் அனுமதி கிடைத்தது. ஆனால் தரைத்தளத்துக்காரருக்கு லிஃப்ட் தேவையில்லை, அதன் கூண்டு அவருடைய ஜன்னலைத்தான் மறைக்கும். அவர் சம்மதிப்பதில்லை. அவரிடமும் தப்புச் சொல்ல முடியாது. மேல்மாடிக்காரர்கள் செலவை முழுதும் ஏற்று, அவருக்கும் ஏதாவது வசதி செய்து கொடுத்த இடங்களில் லிஃப்ட் எழும்பியிருக்கிறது. வழக்கு என்று போன இடங்களில் தேதிகள் எழும்பியிருக்கின்றன.

லிஃப்ட் வரும்வரை செய்யக்கூடியவை உண்டு. படியின் இரு பக்கமும் கைப்பிடி, ஒவ்வொரு படி விளிம்பிலும் நிறப் பட்டை, திருப்பங்களில் உட்கார ஒரு மடக்கு நாற்காலி. மேல்மாடி ஃபிளாட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அதே காலனியில் கீழ்த்தளத்தில் வாடகைக்குப் போவது பலர் யோசிக்காத, ஆனால் புத்திசாலித்தனமான வழி. பழகிய கோயிலும் கடைக்காரரும் டாக்டரும் கைவிட்டுப் போக மாட்டார்கள்.

பாதுகாப்பு என்ற பெயரில் வரும் ஆபத்தும் உண்டு. தனியே வாழும் முதியவர்கள் திருடனுக்குப் பயந்து மரக் கதவுக்கு வெளியே இரும்புக் கதவு, அதற்கு உள்பூட்டு, மேலும் கீழும் தாழ்ப்பாள் என்று கோட்டை கட்டிக்கொள்கிறார்கள். உள்ளே விழுந்தால் அந்தக் கோட்டைக்குள் உதவியும் வர முடியாது. வெளியிலிருந்து சாவி போட்டுத் திறக்கும் பூட்டு, நம்பகமான அண்டை வீட்டாரிடம் ஒரு சாவி, தினமும் காலையில் ஒரு போன் - திருட்டுப் பயத்தையும் விழும் பயத்தையும் சேர்த்துச் சமாளிக்க இதுதான் வழி. கைபேசி சட்டைப் பையிலோ கழுத்துக் கயிற்றிலோ இருக்க வேண்டும். மேஜைமேல் சார்ஜரில் இருக்கும் போனால் தரையில் கிடப்பவருக்குப் பயனில்லை. 2021லிருந்து நாடு முழுதும் இயங்கும் முதியோர் உதவி எண் 14567. ஆலோசனைக்கும் புகாருக்கும் அது உதவும். அவசரத்துக்கு 112.

இவ்வளவு சொன்ன பிறகும் வேலை நடக்காத வீடுகள்தான் அதிகம். தடுப்பது பணமல்ல. "வீட்டை ஆஸ்பத்திரி ஆக்காதே" என்பார் அப்பா. கைப்பிடி பொருத்துவது தன் முதுமைக்குக் கையெழுத்துப் போடுவது என்று அவருக்குத் தோன்றுகிறது. இன்னொரு பக்கம், சான் ஹோஸேயிலோ சிட்னியிலோ இருக்கும் மகன் விடுமுறையில் வந்த இரண்டு வாரத்தில் ஹாலில் கேமரா மாட்டி, அம்மாவின் பழைய முக்காலியைத் தூக்கி எறிந்து, மாடிக்குப் போகக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டு விமானம் ஏறுகிறார். கேமரா விழுவதைத் தடுப்பதில்லை. விழுந்ததை அவருக்குக் காட்டுகிறது. அம்மாவோ மறுநாளே வடகம் காயவைக்க மாடி ஏறுகிறார். மாடிக்குப் போகாதே என்று சொல்வதற்குப் பதில் மாடிப்படிக்குக் கைப்பிடி வைத்திருக்கலாம். சமையலறையிலும் இதே கதை. அண்டா பரணில் இருந்தால் அவர் ஸ்டூல் போட்டு ஏறத்தான் செய்வார். அன்றாடம் புழங்கும் பாத்திரங்களைத் தோளுக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட உயரத்தில் அடுக்கி வைத்துவிட்டால் ஸ்டூலுக்கு வேலையில்லை. வீடு யார் பெயரில் இருந்தாலும் அதில் அதிக நேரம் நிற்பவர் அவர்தான். ஆனால் பாத்ரூமைப் புதுப்பிக்கும்போது அவரிடம் கேட்கப்படுவது டைல்ஸின் நிறம் மட்டுமே.

அமெரிக்க அறுவை மருத்துவர் அதுல் கவாண்டே 2014ல் வெளியிட்ட 'பீயிங் மார்ட்டல்' நூலில் தன் தாத்தாவைப் பற்றி எழுதியிருக்கிறார். மகாராஷ்டிராவின் உட்டி கிராமத்து விவசாயியான அவர் ஏறக்குறைய 110 வயது வரை வாழ்ந்தார். குடும்பத்தார் அவரை மூலையில் உட்கார்த்தி வைக்கவில்லை. அந்த வயதிலும் கோர்ட் வேலையாகப் பக்கத்து ஊருக்குப் போனார், பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து இறந்தார். அது அவருக்குக் கிடைத்த நல்ல வாழ்க்கை, அதற்குப் பின்னால் வேலை செய்யப் பெரிய கூட்டுக் குடும்பம் இருந்தது. இன்றைய இரண்டு அறை ஃபிளாட்டில் அந்தக் குடும்பத்தின் இடத்தைக் கொஞ்சமாவது நிரப்ப வேண்டியது சுவரும் தரையும்தான்.

யோசனை சொல்ல ஆளும் இருக்கிறார்கள். ஆக்குபேஷனல் தெரபி என்ற படிப்பு மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் 1950லேயே தொடங்கியது. அமெரிக்காவில் பிறந்து இந்தியாவில் வாழ்ந்த கமலா நிம்ப்கர் அதற்கு வித்திட்டவர். வீட்டுக்கு வந்து, முதியவர் எழுவதையும் நடப்பதையும் குளிப்பதையும் கவனித்து, எங்கே என்ன மாற்ற வேண்டும் என்று சொல்வது இந்த நிபுணர்களின் வேலைகளில் ஒன்று. எலும்பு டாக்டரிடம் கேட்டால் அனுப்பிவைப்பார். ஆபரேஷனுக்குப் பிறகு அல்லாமல், முன்பே கேட்கலாம்.

நிபுணர் கிடைக்காத ஊரில், தீபாவளிக்கோ ஓணத்துக்கோ துர்கா பூஜைக்கோ முன்னால் வெள்ளையடிக்க ஆள் வரும் சமயம் இதற்குத் தோதானது. அப்பாவையோ அம்மாவையோ பாத்ரூமுக்குள் காய்ந்த தரையில் நிற்கச் சொல்லி, பக்கத்தில் ஒருவர் துணைக்கு நின்றுகொண்டு, கமோடில் உட்கார்ந்து எழச் சொல்ல வேண்டும். பிறகு வாளி இருக்குமிடத்திலிருந்து கதவு வரை நடக்கச் சொல்ல வேண்டும். எழும்போதும் திரும்பும்போதும் அவருடைய கை தானாகச் சுவரில் எங்கே போகிறதோ, அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. அளவுப் புத்தகம் சொல்லும் உயரம் அதிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி இருந்தால் பென்சில் கோட்டையே நம்பி டிரில்லை எடுக்கலாம்.